கரிம உலோகச் சேர்மங்களில் ஈனிகள் இடம் மாறும் விதம்

கரிம உலோகச் சேர்மம் என்பது, ஓர் உலோக அணு கார்பன் அணுவோடு நேரடியாகப் பிணைந்திருக்கும் சேர்மம். நடுவில் உலோகம் இருக்க, அதைச் சுற்றிச் சில மூலக்கூறுகளும் அயனிகளும் தத்தம் எலக்ட்ரான் இரட்டையை அதற்குக் கொடுத்துப் பிணைந்து நிற்கின்றன. எலக்ட்ரானை ஈவதால் இவற்றுக்கு ஈனி என்று பெயர். ஓர் ஈனி விலக, அதன் இடத்தில் வேறோர் ஈனி வந்து அமர்வது ஈனிப் பரிமாற்ற வினை.

தாளில் எழுதிப் பார்த்தால் இதைவிட எளிய வினை கிடையாது. பழையது போகிறது, புதியது வருகிறது, அவ்வளவுதான். ஆனால் பழையது போன பிறகு புதியது வருகிறதா, புதியது வந்த பிறகு பழையது போகிறதா? இடைப்பட்ட நேரத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தை யார் பிடிக்கிறார்கள்? இவ்விரு கேள்விகளுக்குமான விடைதான் ஒரு சேர்மம் குடுவையில் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்குமா, ஒரு நொடியில் வினைபுரியுமா, நல்ல வினையூக்கியாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

நிக்கலைக் கரைத்த வாயு

இத்துறையின் முதல் பெரிய நிகழ்வு ஒரு தொழிற்சாலைக் கோளாறிலிருந்து பிறந்தது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் சோடா தொழில் நடத்திவந்த லுட்விக் மாண்ட், தம் ஆலையின் நிக்கல் வால்வுகள் அரிக்கப்படுவதைக் கவனித்தார். அவ்வழியே சென்ற வாயுவில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. கார்ல் லாங்கர், ஃப்ரிட்ரிக் குவின்கே ஆகியோருடன் சேர்ந்து அவர் இதை ஆராய்ந்தார். நுண்பொடியாக்கிய நிக்கலின் மீது கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி, வெளிவந்த வாயுவை எரித்தபோது, வழக்கமான நீலச் சுடர் ஒளி மிகுந்ததாக மாறியது. வாயு செல்லும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கியபோது, சூடுபட்ட இடத்தில் நிக்கல் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பளபளப்பான பூச்சாகப் படிந்தது. கனமான ஓர் உலோகம் வாயுவோடு வாயுவாகப் பயணம் செய்திருந்தது. 1890-இல் வெளியான அந்த ஆய்வே நிக்கல் டெட்ராகார்பனைலை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

இச்சேர்மத்தில் ஒரு நிக்கல் அணுவைச் சுற்றி நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் நான்முகியின் மூலைகளில் நிற்கின்றன. 43 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நிறமற்ற நீர்மம் இது, கொடிய நஞ்சு. தாழ்ந்த வெப்பநிலையில் நிக்கலும் வாயுவும் சேரும்; வெப்பநிலையை உயர்த்தினால் பிரியும். இந்த இருவழிப் போக்கைக் கொண்டே மாண்ட் நிக்கலைத் தூய்மையாக்கும் முறையை வகுத்தார். வேல்ஸ் நாட்டின் கிளிடாக்கில் 1902-இல் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. பள்ளிப் பாடநூல்களில் மாண்ட் முறை என்று படிக்கப்படுவது இதுதான்.

கொடுப்பதும் திரும்பப் பெறுவதும்

கார்பன் மோனாக்சைடு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் விதம் இரண்டு அடுக்கு கொண்டது. முதலில் அது தன் கார்பன் முனையிலுள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டையை உலோகத்துக்குக் கொடுக்கிறது. இது சிக்மா பிணைப்பு. பதிலுக்கு உலோகம், தன் டி ஆர்பிட்டால்களில் நிறைந்திருக்கும் எலக்ட்ரான்களை, கார்பன் மோனாக்சைடின் காலியான எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் அனுப்புகிறது; இது பின்பிணைப்பு. ஒன்று மற்றொன்றை வலுப்படுத்துகிறது. உலோகம் திருப்பித் தருமளவுக்கு உலோகத்துக்கும் கார்பனுக்கும் இடையிலான பிடி இறுகும். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிடி தளரும்.

இந்தத் தளர்வை அகச்சிவப்பு நிறமாலையில் எண்ணாகவே படித்துவிடலாம். தனித்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் அதிர்வு 2143 செ.மீ⁻¹ அலைஎண்ணில் தோன்றும். நிக்கல் டெட்ராகார்பனைலில் அது ஏறத்தாழ 2060-க்கு இறங்குகிறது. ஓர் எதிர்மின்சுமை கொண்ட வனேடியம் ஹெக்ஸாகார்பனைல் அயனியில் ஏறத்தாழ 1860. இரண்டு எதிர்மின்சுமை கொண்ட டைட்டானியம் ஹெக்ஸாகார்பனைல் அயனியில் ஏறத்தாழ 1750. உலோகத்திடம் எலக்ட்ரான் வளம் கூடக்கூட அது அதிகமாகத் திருப்பித் தருகிறது. எண்ணும் அதற்கேற்பக் குறைகிறது.

பரிமாற்ற வினைகள் எங்கே நிற்கும் என்பதையும் இது விளக்குகிறது. குரோமியம், மாலிப்டினம், டங்ஸ்டன் ஆகியவற்றின் ஹெக்ஸாகார்பனைல்களில் ஆறு கார்பன் மோனாக்சைடுகள் உள்ளன. பின்பிணைப்பை ஏற்காத அமீன் அல்லது நைட்ரைல் ஒன்று அவற்றில் ஒன்றை வெளியேற்றினால், உலோகத்தின் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ள ஐந்தே எஞ்சும். அந்த ஐந்தின் பிடியும் இறுகும். இப்படி மூன்று வெளியேறிய பிறகு, எஞ்சிய மூன்றும் எளிதில் அசைவதில்லை. வினை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

பதினெட்டு என்ற எண்

ஓர் இடைநிலை உலோக அணுவின் வெளிக்கூட்டில் ஒன்பது ஆர்பிட்டால்கள் உள்ளன. அவற்றில் 18 எலக்ட்ரான்களுக்கு இடமுண்டு. நிக்கலிடம் 10 எலக்ட்ரான்கள், நான்கு கார்பன் மோனாக்சைடுகள் 8 தருகின்றன, கூட்டினால் 18. இரும்பிடம் 8, ஐந்து கார்பன் மோனாக்சைடுகளிடமிருந்து 10; மீண்டும் 18. குரோமியத்திடம் 6, ஆறு கார்பன் மோனாக்சைடுகளிடமிருந்து 12, அதுவும் 18. இர்விங் லாங்மியர் 1921-இல் முன்வைத்த இந்தக் கணக்கு, இன்றும் இத்துறையில் முதலில் கற்பிக்கப்படும் பாடம்.

18 நிறைந்த சேர்மம், இருக்கை எல்லாம் நிரம்பிய பேருந்து போன்றது. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவருக்கு இடம். ஆகவே இங்கே பழைய ஈனி முதலில் விலக வேண்டும்; 16 எலக்ட்ரான் கொண்ட ஓர் இடைநிலை உருவாகி, காலியான இடத்தில் புதிய ஈனி அமர வேண்டும். இதற்குப் பிரிகை வழிமுறை என்று பெயர்.

கண்ணுக்குத் தெரியாத இந்த வரிசையை மெய்ப்பிக்க வினைவேகவியல் உதவுகிறது. நிக்கல் டெட்ராகார்பனைலுடன் ட்ரைஃபீனைல்பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் ஈனியைச் சேர்த்து வேகத்தை அளக்கலாம். பிறகு பாஸ்பீனின் செறிவை இரட்டிப்பாக்கி மீண்டும் அளக்கலாம். வேகம் மாறுவதில்லை. வேறொரு பாஸ்பீனை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே வேகம். வரப்போகிறவர் யார், எத்தனை பேர் என்பது வேகத்தைத் தொடவில்லையென்றால், வினையின் கடினமான படி அவர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் பசோலோவும் அவருடைய குழுவினரும் 1960-களில் கதிரியக்கக் கார்பன்-14 சேர்ந்த கார்பன் மோனாக்சைடைப் பயன்படுத்தி இத்தகைய பரிமாற்றங்களை அளந்தார்கள். அடையாளமிட்ட ஈனி எவ்வளவு விரைவில் சேர்மத்துக்குள் நுழைகிறது என்று பார்ப்பதே உத்தி.

பிரிகை வழியில் வேகத்தை முடிவுசெய்வது முதல் பிணைப்பை அறுக்கத் தேவைப்படும் ஆற்றல். நிக்கல் டெட்ராகார்பனைலில் அது மோலுக்கு ஏறத்தாழ 25 கிலோகலோரி. குரோமியம் ஹெக்ஸாகார்பனைலில் ஏறத்தாழ 37. அதனால்தான் நிக்கல் சேர்மம் அறை வெப்பநிலையிலேயே ஈனியை மாற்றிக்கொள்கிறது. குரோமியம் சேர்மத்தை 100 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கிறது.

வந்த பின் போவது

இருக்கை நிரம்பாத சேர்மங்களின் கதை வேறு. ரோடியம், இரிடியம், பல்லேடியம், பிளாட்டினம் ஆகியவற்றின் சதுரத் தளச் சேர்மங்கள் பலவற்றில் 16 எலக்ட்ரான்களே உள்ளன. தளத்தின் மேலும் கீழும் இடம் திறந்து கிடக்கிறது. புதிய ஈனி அவ்வழியே வந்து பிணைந்து, ஐந்து ஈனிகள் கொண்ட இடைநிலையை உண்டாக்குகிறது. அதன் பிறகே பழையது விலகுகிறது. இது சேர்க்கை வழிமுறை. இங்கே புதிய ஈனியின் செறிவும் இயல்பும் வேகத்தை நேரடியாகப் பாதிக்கின்றன.

ஒரே ஓர் எலக்ட்ரான் குறைந்தாலும் எவ்வளவு மாறிவிடும் என்பதற்கு வனேடியம் ஹெக்ஸாகார்பனைல் சான்று. இதில் 17 எலக்ட்ரான்கள். குரோமியம் ஹெக்ஸாகார்பனைலுக்கு இதே எண்முகி வடிவமும் இதே ஆறு ஈனிகளும் உண்டு. ஆனாலும் வனேடியம் சேர்மம் சேர்க்கை வழியில், குரோமியம் சேர்மத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு வேகமாக ஈனியை மாற்றுகிறது.

சதுரத் தளச் சேர்மங்களில் எந்த ஈனி போகும் என்பதை அதற்கு எதிர்மூலையில் நிற்கும் ஈனி முடிவுசெய்கிறது. இதை 1926-இல் சோவியத் வேதியியலர் இலியா செர்னியாயெவ் விளக்கினார். டிரான்ஸ் விளைவு என்பது அதன் பெயர். கார்பன் மோனாக்சைடு, சயனைடு, எத்திலீன் ஆகியவை தமக்கு எதிரே நிற்பவரை வலுவாக அசைப்பவை. அம்மோனியா மிக மெலிதாக அசைப்பது. டென்மார்க்கின் வில்லியம் கிறிஸ்டோபர் சீய்சே 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தயாரித்த பிளாட்டினம் உப்பில் எத்திலீனும் மூன்று குளோரைடுகளும் உள்ளன. அந்த மூன்றில் எத்திலீனுக்கு எதிரே நிற்கும் குளோரைடே விரைந்து விலகும்.

புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினைத் தயாரிக்க 1970-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரி இதழில் எஸ். சி. தாரா வெளியிட்ட முறை இவ்விளைவையே நம்பியிருக்கிறது. பிளாட்டினத்தின் நான்கு குளோரைடுகளும் முதலில் அயோடைடுகளாக மாற்றப்படுகின்றன. பிறகு அம்மோனியா சேர்க்கப்படுகிறது. முதல் அம்மோனியா அமர்ந்ததும், அயோடைடுக்கு எதிரே நிற்கும் அயோடைடுதான் அடுத்து அசையும். அம்மோனியாவுக்கு எதிரே நிற்பது அசையாது. ஆகவே இரண்டாவது அம்மோனியா முதலாவதன் பக்கத்திலேயே அமர்கிறது. பின்னர் வெள்ளி உப்பு அயோடைடுகளை வெள்ளி அயோடைடாக வீழ்படியச் செய்து நீக்க, குளோரைடுகள் அவ்விடங்களுக்குத் திரும்புகின்றன. கரிம உலோகச் சேர்மம் அல்லாத ஒன்றிலும் அதே விதி செல்லுபடியாகிறது.

வளையம் நழுவுதல்

18 எலக்ட்ரான் கொண்ட சேர்மங்களில் சில, விதிக்கு மாறாகச் சேர்க்கை வழியில் வினைபுரிவது 1960-களில் தெரியவந்தது. ரோடியம் அணுவின் ஒரு பக்கம் சைக்ளோபென்டாடையீனைல் என்ற ஐங்கார்பன் வளையமும், மறுபக்கம் இரண்டு கார்பன் மோனாக்சைடுகளும் உள்ள சேர்மம் அவற்றில் ஒன்று. கணக்குப்படி அதில் இடமில்லை. ஆனால் புதிய ஈனியின் செறிவு கூடினால் வேகமும் கூடுகிறது.

விடை வளையத்தில் இருந்தது. ஐந்து கார்பன்களாலும் உலோகத்தைத் தழுவி நிற்கும் வளையம், சற்றே நழுவி மூன்று கார்பன்களால் மட்டும் பற்றிக்கொள்ள முடியும். அப்போது உலோகத்தில் இரண்டு எலக்ட்ரான்களுக்கான இடம் திறக்கிறது. புதிய ஈனி அங்கே அமர்கிறது. கார்பன் மோனாக்சைடு ஒன்று வெளியேறுகிறது. வளையம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எவரும் முழுதாக எழுந்து போகாமல், ஒருவர் ஒதுங்கி இடம்விட்டுக் காரியம் முடிகிறது.

ஐங்கார்பன் வளையத்தோடு ஒரு பென்சீன் வளையத்தையும் ஒட்டினால் அது இன்டீனைல். இதைக் கொண்ட ரோடியம் சேர்மம், சாதாரண வளையம் கொண்டதைவிடச் சுமார் பத்துக் கோடி மடங்கு விரைவாகக் கார்பன் மோனாக்சைடைப் பாஸ்பீனுக்கு மாற்றுகிறது. வளையம் நழுவும்போது ஒட்டியிருக்கும் பென்சீன் பகுதி தன் முழு அரோமேட்டிக் தன்மையை மீட்டுக்கொள்வதால், நழுவுதல் அதற்கு லாபமாகிறது. 1980-களில் பசோலோவின் குழு இதற்கு இன்டீனைல் விளைவு என்று பெயரிட்டது.

ஈனியின் பருமன்

பாஸ்பீன்கள் இத்துறையின் நாணயம் போன்றவை. பாஸ்பரஸ் அணுவோடு எந்தத் தொகுதிகளைச் சேர்க்கிறோமோ அதற்கேற்ப அவற்றின் குணம் மாறும். இந்த மாற்றத்தை எண்ணில் பிடித்தவர் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சாட்விக் டோல்மன். 1970-இல் தொடங்கி அவர் இரண்டு அளவுகளை முன்வைத்தார்.

முதலாவது எலக்ட்ரான் கொடைத்திறன். நிக்கல் டெட்ராகார்பனைலில் ஒரு கார்பன் மோனாக்சைடை ஒரு பாஸ்பீனுக்கு மாற்றி, எஞ்சிய மூன்றின் அதிர்வெண்ணை அளப்பதே முறை. ட்ரை-டெர்ஷரி-பியூட்டைல்பாஸ்பீன் சேர்ந்தால் 2056 செ.மீ⁻¹, ட்ரைஃபீனைல்பாஸ்பீன் சேர்ந்தால் 2069, பாஸ்பரஸ் ட்ரைஃபுளோரைடு சேர்ந்தால் 2111. எண் குறைவாக இருப்பது தாராளமாகக் கொடுக்கும் ஈனி.

இரண்டாவது கூம்புக் கோணம். உலோக அணுவை முனையாகக் கொண்டு, பாஸ்பீன் முழுவதையும் மூடும் ஒரு கூம்பைக் கற்பனை செய்தால், அதன் விரிவு ஈனியின் பருமனைக் காட்டும். ட்ரைமெத்தில்பாஸ்பீனுக்கு 118 டிகிரி, ட்ரைஃபீனைல்பாஸ்பீனுக்கு 145, ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீனுக்கு 170, ட்ரை-டெர்ஷரி-பியூட்டைல்பாஸ்பீனுக்கு 182. பருத்த ஈனிகள் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கடியில் ஒன்று விலகும். நிக்கல் அணுவைச் சுற்றி நான்கு ட்ரைஃபீனைல்பாஸ்பீன்கள் படிகத்தில் நிற்கலாம். கரைசலில் போட்டதும் ஒன்று பிரிந்துவிடுகிறது.

இடத்தைக் காலியாக்கும் வழிகள்

ஆய்வகத்தில் ஈனியை மாற்ற விரும்புபவரின் முதல் வேலை இடத்தைக் காலியாக்குவது. மிகப் பழைய வழி சூடாக்குதல். குரோமியம் ஹெக்ஸாகார்பனைலைப் பென்சீன் வகைச் சேர்மத்துடன் உயர் கொதிநிலைக் கரைப்பானில் நெடுநேரம் கொதிக்கவைத்தால், மூன்று கார்பன் மோனாக்சைடுகள் வெளியேறி, அவ்விடத்தில் பென்சீன் வளையம் குடையாக அமர்கிறது. மஞ்சள் படிகங்கள் கிடைக்கின்றன.

சூடு தாங்காத சேர்மங்களுக்கு ஒளி உதவுகிறது. டங்ஸ்டன் ஹெக்ஸாகார்பனைல் வெண்ணிறப் படிகம். அதை டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில், காற்றுப் புகாதபடி நைட்ரஜன் சூழலில் கரைத்தால் நிறமற்ற கரைசல் கிடைக்கும். அதன்மீது புற ஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், கார்பன் மோனாக்சைடு குமிழ் குமிழாக வெளியேறும். கரைசல் மெல்ல மஞ்சளாகும். காலியான இடத்தில் கரைப்பான் மூலக்கூறே அமர்ந்திருக்கிறது. இடையிடையே ஒரு துளி எடுத்து அகச்சிவப்பு நிறமாலை பார்த்தால், ஹெக்ஸாகார்பனைலுக்கே உரிய ஒற்றைப் பட்டை தேய்ந்து, சீர்மை குறைந்த பென்டாகார்பனைலின் புதிய பட்டைகள் வளர்வது தெரியும். கரைப்பானின் பிடி தளர்வானது. ஆகவே விளக்கை அணைத்துவிட்டு விரும்பிய ஈனியைச் சேர்த்தால், அறை வெப்பநிலையிலேயே அது கரைப்பானை எழுப்பிவிட்டு அமர்ந்துகொள்ளும்.

ஒளி திறந்த இடம் உண்மையில் எவ்வளவு நேரம் காலியாக இருக்கிறது? 1970-களில் ராபின் பெருட்ஸும் ஜேம்ஸ் டர்னரும் குரோமியம் ஹெக்ஸாகார்பனைலை உறைந்த மந்த வாயுக்களுக்குள் சிறைப்படுத்தி ஒளி பாய்ச்சினார்கள். பிறந்த பென்டாகார்பனைலின் நிறம், சுற்றியிருந்தது நியானா, ஆர்கானா, மீத்தேனா என்பதற்கேற்ப மாறியது. எதனோடும் சேராது என்று கருதப்பட்ட வாயுவும் மீத்தேனும்கூட அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. சாதாரணக் கரைசலில் ஒரு கரைப்பான் மூலக்கூறு அவ்விடத்தைப் பிடிக்க ஏறத்தாழ ஒரு பிக்கோ நொடியே, அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கே, போதுமானது.

மூன்றாவது வழி வேதிப்பொருளால் நீக்குவது. ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு தன் ஆக்சிஜனைக் கார்பன் மோனாக்சைடுக்குக் கொடுத்து அதைக் கார்பன் டைஆக்சைடாக்குகிறது. கார்பன் டைஆக்சைடு உலோகத்தோடு மிகத் தளர்வாகவே பிணையும். போனால் திரும்பி வராது. ஹாலைடுகளை நீக்க வெள்ளி உப்புகள் இதே வேலையைச் செய்கின்றன.

நிலைப்பும் வேகமும்

ஒரு சேர்மம் நிலைப்பானது என்பதற்கும், அது ஈனியை மெல்ல மாற்றும் என்பதற்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டியதில்லை. ஹென்றி டாப் 1952-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக நிறுவினார். நிக்கலைச் சுற்றி நான்கு சயனைடுகள் கொண்ட அயனி மிகமிக நிலைப்பானது. ஆனாலும் கரைசலிலுள்ள சயனைடுடன் தன் சயனைடைப் பாதியளவு மாற்றிக்கொள்ள அதற்கு அரை நிமிடமே ஆகிறது. ஆறு சயனைடுகள் கொண்ட குரோமியம் அயனிக்கு அதே பாதியளவு மாற்றத்துக்கு ஏறத்தாழ 24 நாட்கள் ஆகின்றன. நிக்கல் அயனி 16 எலக்ட்ரான் கொண்ட சதுரத் தளம். ஐந்தாவது சயனைடு உள்ளே வர வழி திறந்திருக்கிறது. குரோமியம் அயனிக்கு அந்த எளிய வழி இல்லை.

இதே வேறுபாடு உயிர்காக்கும் இடம் மருத்துவமனை. மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ இயங்கினால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்கிறது. அதன் பிடிப்பு ஆக்சிஜனுடையதைவிட 200 மடங்குக்கும் மேல். ஆனால் அப்பிடி நிரந்தரமானதல்ல. மூலக்கூறு அவ்வப்போது விலகுகிறது, இடம் காலியாகிறது. அந்த நொடியில் பக்கத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. நல்ல காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்குகிறது. பாதிக்கப்பட்டவருக்கு முகமூடி வழியே உடனடியாக ஆக்சிஜன் கொடுப்பதன் அடிப்படை ஓர் ஈனிப் பரிமாற்றமே.

வினையூக்கியின் காலியிடம்

வினையூக்கி வேலை செய்ய வேண்டுமானால், மாற வேண்டிய மூலக்கூறு உலோகத்தை நெருங்க இடம் வேண்டும். ஜெஃப்ரி வில்கின்சனின் பெயரால் வழங்கும் ரோடியம் வினையூக்கியில் ஒரு குளோரைடும் மூன்று ட்ரைஃபீனைல்பாஸ்பீன்களும் உள்ளன. 1960-களின் நடுவில் அறியப்பட்ட இது, அறை வெப்பநிலையிலும் சாதாரண அழுத்தத்திலும், கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஆல்க்கீன்களுக்கு ஹைட்ரஜனைச் சேர்க்கிறது. ஜாக் ஹால்பர்ன் இதன் வேகங்களை அளந்தபோது, ஒரு பாஸ்பீனை இழந்த சேர்மம், இழக்காததைவிடக் குறைந்தது பத்தாயிரம் மடங்கு விரைவாக ஹைட்ரஜனோடு வினைபுரிவது தெரிந்தது. கரைசலில் மிகச் சிறு அளவே இருக்கும் அந்த இடைநிலைதான் உண்மையில் உழைக்கிறது. கார்பன் மோனாக்சைடு புகுந்து இடத்தைப் பிடித்துவிட்டால் வேலை தடைப்படும்.

மிக நுட்பமான பாடத்தைத் தந்தவை ராபர்ட் கிரப்ஸின் ருத்தீனியம் வினையூக்கிகள். இரண்டு கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புகளை வெட்டித் தம்முள் மாற்றி ஒட்டும் ஆலிஃபின் மெட்டாதிசிஸ் வினைக்கு இவை பயன்படுகின்றன. அந்த வினையை வளர்த்ததற்காக 2005-இல் ஈவ் ஷோவான், ரிச்சர்ட் ஷ்ராக் ஆகியோருடன் கிரப்ஸ் நோபல் பரிசு பெற்றார். முதல் தலைமுறை வினையூக்கியில் இரண்டு ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை, நைட்ரஜன்கள் தாங்கிய கார்பீன் என்ற வலுவான கொடையாளிக்கு மாற்றினால், அதிகத் திறன் கொண்ட இரண்டாம் தலைமுறை கிடைக்கிறது. கார்பீன் தாராளமாகக் கொடுப்பதால் எஞ்சிய பாஸ்பீன் விரைவாக வெளியே தள்ளப்படுகிறது; அதுவே கூடுதல் திறனுக்குக் காரணம் என்று முதலில் கருதப்பட்டது.

2001-இல் மெலனி சான்ஃபோர்டும் கிரப்ஸ் குழுவினரும் அளந்தபோது கிடைத்தது இதற்கு நேர் எதிரான முடிவு. இரண்டாம் தலைமுறையில் பாஸ்பீன் விலகுவது ஏறத்தாழ நூறு மடங்கு மெதுவாக இருந்தது. திறனின் காரணம் அடுத்த படியில் இருந்தது. முதல் தலைமுறையில் இடம் காலியானதும், விலகிய பாஸ்பீனே திரும்பி வந்து அமர்ந்துகொள்கிறது. ஆல்க்கீனைவிட அதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு வாய்ப்பு அதிகம். இரண்டாம் தலைமுறையில் ஆல்க்கீனுக்கும் பாஸ்பீனுக்கும் கிட்டத்தட்டச் சம வாய்ப்பு. இடம் அரிதாகவே காலியாகிறது. ஆனால் காலியானால் வேலை நடக்கிறது.

இந்த அறிவிலிருந்து அடுத்த வினையூக்கி பிறந்தது. விரைவாக விலக வேண்டும், விலகினால் திரும்பி வரத் தயங்க வேண்டும். அப்படிப்பட்ட ஈனி தேவைப்பட்டது. இரண்டாம் தலைமுறைச் சேர்மத்தோடு 3-புரோமோபிரிடீனை மிகுதியாகச் சேர்த்தால், பாஸ்பீன் வெளியேறி இரண்டு புரோமோபிரிடீன்கள் அமர்கின்றன. அவற்றின் பிடி தளர்வானது; புரோமினால் கொடைத்திறன் குன்றியதால் திரும்பிப் பிணையும் போட்டியில் ஆல்க்கீனிடம் தோற்றுவிடுகின்றன. 2002-இல் வெளியான இந்த மூன்றாம் தலைமுறை, இரண்டாம் தலைமுறையைவிடப் பத்து லட்சம் மடங்கு விரைவாக வேலையைத் தொடங்குகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதையும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதையும் செய்து கொடுத்தது ஈனிப் பரிமாற்றம். மூன்றும் தத்தம் வேலையைத் தொடங்குவதும் ஈனிப் பரிமாற்றத்தால்தான்.